வாசலுக்கு வெளியே: வடவள்ளியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை வடவள்ளியில் குடியிருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்தில் எனக்குப் பதவி எதுவும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தை உட்கார்ந்து படித்தவன் என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். பால் வாங்கும் இடத்தில், நடைப்பயிற்சியில், கல்யாணப் பந்தியில்கூட அதே சந்தேகங்களோடு ஆட்கள் வருகிறார்கள். அவரவர் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் சொல்வதும் நான் சொல்வதும் பல இடங்களில் கலந்துதான் வரும். என் கருத்து எது என்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள். நான் வழக்கறிஞன் அல்ல. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரிடம் போங்கள்.

பக்கத்துக் கடைக்குத்தானே போகிறேன், அதற்கும் ஹெல்மெட் வேண்டுமா? பின்னால் உட்காரும் மனைவிக்குமா?

இருவருக்கும் வேண்டும். கிட்டத்தில் போனால் விலக்கு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் உயர்ந்தபோது, அதுவரை 100 ரூபாயாக இருந்த ஹெல்மெட் அபராதம் 1,000 ரூபாய் ஆனது. 194டி பிரிவின்கீழ் ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் முடக்கவும் வழி இருக்கிறது. ஹெல்மெட்டுக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 4151 முத்திரை உள்ளதாக வாங்குங்கள். தாடைக்குக் கீழே வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவது போலீஸ்காரரை ஏமாற்ற உதவும், தார்ச் சாலையை அல்ல.

நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இது பொருந்தும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு 2023 பிப்ரவரியிலிருந்து தனி விதி வந்திருக்கிறது: குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்பு வார், குழந்தைக்கேற்ற ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம். பெட்ரோல் டாங்கின்மேல் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்குப் பறக்கும் அப்பாக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்திருக்கிறேன்.

ஆர்.சி., லைசென்ஸ் எல்லாம் கைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். அது போதுமா?

படம் போதாது. டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாகன் செயலியில் இருக்கும் ஆவணம் செல்லும். மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே மின்னணு ஆவணத்துக்கு இடம் இருக்கிறது. செயலியில் ஒருமுறை ஏற்றி வைத்துவிட்டால் அசல் புத்தகத்தை வண்டிப் பெட்டியில் போட்டு மழையில் நனைய விட வேண்டியதில்லை. காப்பீடும் புகைச் சான்றும் காலாவதியாகிவிட்டனவா என்று அப்படியே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

லாலி ரோட்டில் சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா வைத்துவிட்டார்கள். இப்போது யார் யாருக்கு வழி விட வேண்டும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மருதமலைச் சாலையிலிருந்து நகருக்குள் போகும் எவரும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கோவையில் பல சந்திப்புகளில் சிக்னலை நிறுத்தி ரவுண்டானாவும் யூ-டர்னும் கொண்டுவந்தபோது வாகனங்கள் நிற்காமல் நகரத் தொடங்கின, உண்மைதான். ஆனால் சிக்னல் செய்துகொண்டிருந்த வேலையை இனி ஓட்டுநர் செய்ய வேண்டும் என்பதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விதி ஒன்றே ஒன்று. ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. உள்ளே நுழைபவர் வேகத்தைக் குறைத்து, வலப்புறம் பார்த்து, இடைவெளி கிடைத்ததும் நுழைய வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் சுற்றி வருகிறவர் எப்போதும் நமக்கு வலப்புறத்திலிருந்துதான் வருவார். நம் ஊரிலோ பெரிய வண்டி, பெரிய ஹாரன், பெரிய அவசரம் என்ற வரிசையில் முன்னுரிமை போகிறது. ரவுண்டானாவை விட்டு வெளியேறும்போது இடது இண்டிகேட்டரைப் போட்டால் அடுத்த வழியில் காத்திருப்பவர் புரிந்துகொண்டு கிளம்புவார். அந்த ஒரு விரலசைவைக்கூட மிச்சப்படுத்துகிறோம்.

யூ-டர்னிலும் அப்படித்தான். நேராக வருபவருக்கு வழி விட்டுத் திரும்ப வேண்டியவர் திரும்புகிறவர். வண்டியின் மூக்கை முதலில் நீட்டிவிட்டவருக்கு உரிமை வந்துவிடாது.

சந்திப்பில் நேராகப் போகும்போது நான்கு இண்டிகேட்டரையும் போட வேண்டும் என்று ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். சரிதானே?

தவறு. நான்கும் சேர்ந்து எரிந்தால் ‘என் வண்டி நின்றுவிட்டது’ அல்லது ‘கட்டி இழுத்துப் போகிறார்கள்’ என்று பொருள். நேராகப் போக எந்த விளக்கும் தேவையில்லை. பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் வண்டியில் ஒருபக்க விளக்குதான் தெரியும்; நீங்கள் அவர் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்றே நினைப்பார். மழையில் நான்கையும் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் இதே குழப்பம்தான், முகப்பு விளக்கு போதும்.

யூ-டர்ன் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஓரமாக, மெதுவாக எதிர்த் திசையில் வந்தால் என்ன குற்றம்?

184ஆம் பிரிவு. போக்குவரத்துக்கு எதிராக ஓட்டுவதை ‘ஆபத்தான ஓட்டுதல்’ என்று 2019 திருத்தம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சிக்னலில் சிவப்பைத் தாண்டுவதும் கையில் கைபேசி பிடித்து ஓட்டுவதும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. நீங்கள் ஓரமாகத்தான் வருகிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஓரம்தான் நடந்து போகிறவருக்கும் சைக்கிள்காரருக்கும் மிச்சமிருக்கும் ஒரே இடம். சந்திலிருந்து வெளியே வருபவர் வலப்புறம் பார்த்துவிட்டு இடப்புறம் ஏறுவார். நீங்கள் வருவது அவர் பார்க்காத பக்கத்திலிருந்து.

யூ-டர்ன் தூரம் அதிகம் என்ற குறை நியாயமாக இருக்கும் இடங்களும் உண்டு. அதற்கு மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும் எழுத வேண்டும். எழுதினால் மாற்றுகிறார்களா என்றால், சில இடங்களில் மாற்றியிருக்கிறார்கள்.

பையன் பதினொன்றாம் வகுப்பு. டியூஷனுக்கு ஸ்கூட்டர் கொடுத்து அனுப்புகிறோம். மின்சார ஸ்கூட்டர்தான், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று கடையில் சொன்னார்களே?

கடைக்காரர் பாதி சொல்லியிருக்கிறார். மோட்டார் திறன் 250 வாட்டுக்குள், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிக்குத்தான் உரிமமும் பதிவும் தேவையில்லை. உங்கள் வண்டியில் பதிவு எண் பலகை இருக்கிறதா? இருந்தால் அது மோட்டார் வாகனம், உரிமம் கட்டாயம். பதினாறு வயதில் கிடைக்கும் உரிமம் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்கள் எவையும் அந்த அளவில் இல்லை.

199ஏ பிரிவைப் பெற்றோர் ஒருமுறை படிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது ஆகும்வரை உரிமம் கிடையாது. விபத்தில் அடுத்தவருக்குக் காயம் என்றால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடமிருந்து வசூலிக்க வரும். ‘எங்கள் பையன் நன்றாக ஓட்டுவான்’ என்ற பதிலைப் பலரிடம் கேட்டுவிட்டேன். நன்றாகவே ஓட்டட்டும். எதிரே வருகிறவனும் பதினொன்றாம் வகுப்பாக இருக்கலாம்.

ஆம்புலன்ஸ் பின்னால் வரும்போது சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம் போடுவார்களா?

ஆம்புலன்ஸுக்கு வழி விடாததற்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. வழி விடுவதற்கு இடப்புறம் ஒதுங்கினாலே பெரும்பாலும் போதும். சந்திப்பின் நடுவுக்குப் பாய வேண்டியதில்லை. ஒதுங்கியவர் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு முந்திப் போவதை மட்டும் எந்த விதியாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் நாம்தான் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்கிறார்களே?

முன்பு அலைந்தார்கள், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவாகவே அந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்லாமலே கிளம்பலாம். சாட்சி சொல்ல உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்று உங்களிடம் கேட்கவும் கூடாது.

பணத்தைப் பற்றி இன்னொன்று. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கும். எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். 108ஐக் கூப்பிடுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால் ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கி எடுக்காதீர்கள்.

என் வீட்டு வாசலில் யார் யாரோ காரை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். காற்றைப் பிடுங்கிவிடலாமா?

கூடாது. பிடுங்கினால் அவருடைய தவறு உங்கள் தவறாகிவிடும். முதலில் ‘வாசல்’ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். கேட்டை மறித்து நிறுத்தினால் அது விதிமீறல். எந்த வளாகத்தின் நுழைவையும் அடைத்து நிறுத்தக் கூடாது என்று சாலை விதிகளிலேயே இருக்கிறது. போக்குவரத்துக் காவலரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லலாம். ஆனால் கேட்டைத் தாண்டி உங்கள் சுற்றுச்சுவர் நெடுக இருக்கும் சாலையோரம் உங்களுடையது அல்ல. அங்கே தடை இல்லாதவரை யாரும் நிறுத்தலாம். அந்த இடத்துக்கு வரி கட்டுவதாகச் சொல்பவர்கள் ரசீதை எடுத்துப் பார்க்கட்டும்; வரி வீட்டுக்கு.

என் அனுபவத்தில் இந்தச் சண்டைகளில் கோபப்படுகிறவர் வீட்டிலும் இரண்டாவது கார் தெருவில்தான் நிற்கிறது. வீட்டுக்குள் ஒரு வண்டி நிற்கும் இடத்தைக் கட்டிவிட்டு மூன்று வண்டி வாங்குகிறோம். அப்புறம் மிச்ச இரண்டுக்கும் தெருவிடம் இடம் கேட்கிறோம், அடுத்தவர் கேட்டால் கோபம் வருகிறது. வண்டியின் முன்கண்ணாடியில் கைபேசி எண்ணை எழுதி வைக்கும் பழக்கம் எங்கள் தெருவில் பாதிச் சண்டையைக் குறைத்திருக்கிறது.

அப்படியானால் யாரும் நிறுத்தாமலிருக்க இரண்டு கல்லும் பூந்தொட்டியும் வைத்துக்கொள்கிறேன். அது என் உரிமைதானே?

மேலே சொன்ன அதே கணக்கு. சாலையோரம் பொது என்றால் அங்கே கார் வைப்பதைவிடக் கல் வைப்பது இன்னும் மோசம். கார் சாயங்காலம் போய்விடும். இரவில் இருசக்கர வாகனத்தில் வருபவர் அந்தக் கல்லில் மோதினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ‘நோ பார்க்கிங்’ பலகையை நீங்களாக அடித்து மாட்டினாலும் அதற்கு மதிப்பு இல்லை. மழைநீர் வடிகாலை மூடிச் சாலைவரை இறக்கிக் கட்டிய கார் சாய்தளத்துக்கும், மாதக்கணக்கில் கிடக்கும் ஜல்லி, எம்-சாண்ட் குவியலுக்கும் இதே பதில்தான். அடைமழை பெய்த மறுநாள் தெருவில் தண்ணீர் நின்றால் முதலில் சாய்தளங்களைப் பாருங்கள், பிறகு மாநகராட்சியைத் திட்டலாம்.

எங்கள் தெருவில் வண்டிகள் பறக்கின்றன. நாங்களே பணம் போட்டு வேகத்தடை கட்டலாமா?

கட்ட முடியாது. சாலை யாருடையதோ அந்தத் துறைதான் கட்ட வேண்டும். அளவும் இருக்கிறது: சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் வருபவர் குலுங்காமல் ஏறி இறங்கும் வடிவம் அது. முன்னெச்சரிக்கைப் பலகையும் மேலே வெள்ளைக் கோடும் வேண்டும். கொத்தனாரை வைத்து ஓர் இரவில் போடும் ஓரடி அகலச் சிமெண்ட் மேடு வேகத்தடை அல்ல, முதுகெலும்புத் தடை. அதில் அதிகம் அடிபடுகிறவர் வேகமாக வருகிற இளைஞர் அல்ல. பின் இருக்கையில் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் வயதான அம்மாதான். பிரசவத்துக்குப் போகும் ஆம்புலன்ஸும் அதன்மேல்தான் ஏற வேண்டும்.

தெருவாசிகள் கையெழுத்திட்டு மாமன்ற உறுப்பினர் வழியாகவும் நேரடியாகவும் மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பள்ளி இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். ஏற்புக் கடிதம் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய சாலையைச் சரியாக மூடவில்லை. யாரைப் பிடிப்பது?

மாநகராட்சிப் பொறியாளரை. வடவள்ளி 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது, அதனால் குழாய்களெல்லாம் தாமதமாகத்தான் வருகின்றன. தோண்டிய இடத்தில் மண் இறுகும்முன் தார் போட்டால் முதல் மழையிலேயே அமுங்கிவிடும், கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும். பள்ளத்தைச் சுற்றி இரவில் தெரியும் தடுப்பு இல்லாததற்கு மட்டும் பொறுக்க வேண்டாம். அன்றே புகார் செய்யுங்கள், படத்தோடு.

கோயில் திருவிழாவுக்கு மைக் கட்டுவதைக் கேட்டால் சாமிக்கு எதிரி என்கிறார்கள். விதி என்ன சொல்கிறது?

ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டில் வந்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. கலை, சமய நிகழ்ச்சிகளுக்காக ஆண்டில் அதிகபட்சம் 15 நாளுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். காலை நான்கரை மணிக்குக் கூம்பு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதற்கு எந்தத் தளர்வும் இல்லை, அது எந்த மதத்தின் கட்டடமாக இருந்தாலும். அரசியல் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் இதே நேரம்தான்.

என் யோசனை, விழா தொடங்கும் முன்பே நிர்வாகிகளைப் போய்ப் பாருங்கள். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சொன்னால் ஒலிபெருக்கியின் முகத்தைத் திருப்பி வைக்க ஒப்புக்கொள்வார்கள். விழா நடுவில் போலீஸை அனுப்பினால் சத்தம் அன்று குறையும். பகை அடுத்த ஆண்டுவரை இருக்கும்.

தைப்பூசத்துக்கு மருதமலைக்கு நடந்து போகிறோம். சாலையில் எந்தப் பக்கம் நடப்பது?

நடைபாதை இல்லாத இடத்தில் வலப்புறம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. பின்னால் வரும் வண்டியை முதுகு பார்க்காது. இரவில் நடந்தால் ஒளிரும் பட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள், காவடியின் பின்பக்கமும் ஒட்டுங்கள். அன்னதானப் பந்தல் போடுகிறவர்கள் வளைவிலும் சந்திப்பிலும் போடாதீர்கள். சாப்பிட நிற்கும் கூட்டம் சாலைக்குள் வந்துவிடுகிறது.

தெருநாய்க்குச் சோறு வைப்பதால்தான் தொல்லை. சோறு வைப்பவர்களை நிறுத்த முடியுமா? நாய்களைப் பிடித்து வேறெங்காவது விட்டுவிடலாமா?

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டு விதி. நீங்களாகப் பிடித்துப் பேரூர்ப் பக்கம் விட்டால் பேரூர் நாய்கள் இங்கே வரும், அவ்வளவுதான் நடக்கும்.

சோறு வைப்பதைத் தடுக்க முடியாது, இடத்தை ஒழுங்குபடுத்தலாம். குழந்தைகள் விளையாடும் இடம், நுழைவாயில், மாடிப்படி ஆகியவற்றை விட்டு விலகி ஓர் இடமும் நேரமும் ஒதுக்க வேண்டும் என்று அதே விதிகளில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெருவில் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றது. சோறு வைப்பவர்களிடமே கருத்தடைக்கு நாயைப் பிடித்துக்கொடுக்கும் பொறுப்பையும் கேளுங்கள். அவர்கள் கூப்பிட்டால்தான் அது வரும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

யானை வந்துவிட்டால் பட்டாசு வெடித்து விரட்டலாமா? வண்டியில் போகும்போது எதிரே நின்றால் என்ன செய்வது?

மருதமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. பட்டாசு வெடிக்காதீர்கள். மிரண்ட யானை காட்டுப் பக்கம்தான் ஓடும் என்று எந்த உறுதியும் இல்லை, அடுத்த தெருவுக்குள்ளும் ஓடும். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் இருங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். வண்டியில் போனால் தூரத்திலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், முகப்பு விளக்கைத் தாழ்த்தித் திரும்பிப் போங்கள். காணொளி எடுக்கப் பின்னால் போகும் கூட்டத்தால்தான் யானை மூலையில் சிக்கிக்கொள்கிறது. விரட்டும் பணியாளர்களின் உயிருக்கும் அதனால்தான் ஆபத்து.

யானை ஏன் வருகிறது என்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அரிசி, உப்பு, மாட்டுத் தீவன வாசனை அதை இழுக்கிறது. குப்பையில் கிடக்கும் மிச்சச் சாப்பாடும் இழுக்கிறது. 2025 மே மாதம் அடிவாரத்தில் நோயுற்று இறந்த கருவுற்ற யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் குப்பை இருந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் மலைக்கு வருகிறவர்கள் பொட்டலத்தோடு வந்து பொட்டலத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களை நாம் தடுக்க முடியாவிட்டாலும் நம் வீட்டுக் குப்பையில் ஒன்று செய்யலாம். மிச்சச் சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரவே கேட்டில் மாட்டி வைக்காதீர்கள். மக்கும் குப்பையை மூடிய வாளியில் வீட்டுக்குள் வைத்திருந்து, காலையில் தூய்மைப் பணியாளரின் வண்டி வரும்போது தனியாகக் கொடுங்கள். நாய்த் தொல்லையும் அதில் கொஞ்சம் குறையும்.